மில்லிலிட்டருக்கு எண்பத்தாறு

துறைமுக அலுவலகத்தில் என் வேலை
காற்றை எழுதுவது.
காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு.
கரும்பலகையில் ஒரு எண், அதன் கீழே
திறந்திருக்கிறது, அல்லது மூடியிருக்கிறது.
சீலே சீக்கோவில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
எண் அறுபதைத் தாண்டினால்
லாரிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள்
காற்றை நான் பெற்றதுபோல.

நாள் தள்ளிப்போய் ஒன்பதாம் நாள், திங்கள்கிழமை,
நோல்ஃபா என் இடது முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடினாள்.
வலதில் தேடினாள்.
"தண்ணீர் குடிக்கிறாயா நீ?"
மஞ்சள் மூடிக் குழாயில் பேனாவால் எழுதினாள்:
யாஸ்னா ஓயார்சோ, முப்பத்தொன்பது.
ஒரு கிழவரின் சர்க்கரை, பள்ளி ஆசிரியையின் தைராய்டு, நான்
மூவரும் ஒரே குளிர்ப்பெட்டியில் ஏரியைக் கடந்தோம்.
இயந்திரம் கொயாய்க்கேயில்தான் இருக்கிறது.

மறுநாள் சொன்னார்கள்: எண்பத்தாறு.
"நல்லதா?"
"ஒரே ஒரு எண்ணுக்குக் குணம் கிடையாது" என்றாள் நோல்ஃபா.
"நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும்.
இரண்டாவது வந்துதான்
முதலாவது யார் என்று சொல்லும்."

எலியேசர் இரவெல்லாம் தோட்டத்தில் இருக்கிறான்.
செர்ரிப் பூக்களை உறைபனி தொடாமலிருக்க
பூவின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும்.
விடியலில் ஈர பூட்ஸோடு வந்து
"எண்ணாதே" என்கிறான்.
எண்ணினேன்.
எண்பத்தாறும் எண்பத்தாறும் நூற்று எழுபத்திரண்டு.

போன மார்ச்சில் எண்கள் இறங்கின.
நானூற்றுப் பன்னிரண்டு. நூற்றெண்பது. எழுபத்தொன்று.
எல்லாம் முடிந்த பிறகும் வாராவாரம் எடுத்தார்கள்,
ஐந்துக்குக் கீழே வரும்வரை.
ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை என்று பொருள்.
தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிறது.
அதுவரை என் ரத்தத்தில்
வீட்டைக் காலி செய்து போனவருக்கு
வந்துகொண்டே இருந்தன கடிதங்கள்.
கடைசியில் மூன்று புள்ளி இரண்டு.
நோல்ஃபா அதைப் படித்துவிட்டு
ஒரு ஆப்பிளை வெட்டிப் பாதியைத் தந்தாள்.

புதன்கிழமை எடுத்தது: நூற்று முப்பத்தொன்று.
வளர்ந்திருக்கிறது.
போதுமான அளவு அல்ல.
போதாது என்று சொல்லிவிடவும் முடியாத அளவு.
புரோஜெஸ்டிரோன் பதினொன்று என்றேன் தொலைபேசியில்.
"ம்" என்றார் டாக்டர்.
அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு
வியாழன் முழுவதையும் ஓட்டினேன்.

வெள்ளி, காற்று எழுபத்தொன்பது.
நானே எழுதினேன். மூடியிருக்கிறது.
அன்று காலைதான் மூன்றாவது குழாய்.
நோல்ஃபா அதைச் சுழற்றி, தெளிவை மட்டும் பிரித்து
நான்கு டிகிரியில் வைத்தாள்.
"கெட்டுப்போகாது. மூன்று நாள் தாங்கும்."
அதில் இருப்பது வெள்ளி காலை பத்து மணி.
எனக்குள் இருப்பதோ
நிற்கவில்லை. எந்தப் பக்கம் போகிறது என்று
அடிவயிற்றில் கைவைத்துக் கேட்டால் பசிதான் பதில் சொல்கிறது.

சனி, எண்பத்து நான்கு.
செம்மறி ஏற்றிய லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டினான்.
"ஐம்பத்தெட்டு என்று போட்டுவிடேன், பெண்ணே."
"போட்டால் ஏரி படிக்குமா?"
அவன் ஆடுகள் இரவு முழுக்கக் கத்தின.

ஞாயிறு மாலை காற்றுமானி ஐம்பத்தொன்று காட்டியது.
நம்பாமல் தட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்று.
"திறந்" வரை எழுதுகையில் சாக்பீஸ் ஒடிந்தது.
பாதிச் சொல்லை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினேன்.
ஆடுகள் ஏறிவிட்டன. சங்கிலியைத் தூக்குகிறார்கள்.
படகுப் பையன் குளிர்ப்பெட்டியைக்
கயிற்றுச் சுருளுக்கும் டீசல் டின்னுக்கும் நடுவே
தரையில் வைக்கப் போனான்.

"கீழே வைக்காதே!" என்று கத்தினேன்.
"மடியில் வைத்துக்கொள்!"